நாலாம் நம்பருக்குக் கண் தெரியவில்லை

ஒரு நல்ல சிரிப்பின் விலை மீட்டருக்கு எட்டு ரூபாய், மேடம். நான் வைத்த விலை இல்லை. திருவள்ளூர் பஜாரில் எங்கள் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்த காலத்தில், வந்தவர்கள் தாங்களாகவே கொடுத்த விலை. மெர்சி என்று ஒரு பெண் கடையில் வேலைக்கு இருந்தாள். ஒருமுறை பார்த்தால் இன்னொரு முறை பார்க்கத் தோன்றும் முகம். அவள் விரித்துக் காட்டினால் சுடிதார் துணி மீட்டருக்கு எட்டு ரூபாய் கூடப் போகும். அதே துணியை நான் விரித்தால், "ஊட்ல கேட்டுகினு வரோம்" என்று எழுந்துவிடுவார்கள். வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அதனால் இதில் நீங்கள் நினைக்கிற சங்கதி எதுவும் இல்லை.

எட்டு ரூபாய் பெரிய விஷயம் இல்லை. பழுதுதான் பெரிய விஷயம். எந்தத் துணிக் கட்டிலும் எங்காவது ஒரு சாண் நூல் விட்டிருக்கும். வெட்டி எறிந்தால் நஷ்டம். இதற்கு வழியை யாரும் மெர்சிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். கட்டு உருண்டு பழுது வெளியே வரும் நேரத்தில் அவள் தலையை நிமிர்த்தி, "கல்யாணத்துக்காக்கா?" என்று கேட்பாள். அந்த அக்காவும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பார். அதற்குள் துணி இன்னும் இரண்டு மடிப்பு உருண்டிருக்கும். வீட்டுக்குப் போய்ப் பழுதைப் பார்த்தவர்கள்கூட, "அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றுதான் சொன்னார்கள். அப்பாவைத் திட்டினார்கள், என்னைத் திட்டினார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணில்தான் பிழைப்பு. ஒருமுறை கடைப்படி ஏறிய முகம் எனக்கு மறக்காது. ஐந்து வருஷம் கழித்து ரயிலில் பார்த்தாலும், நீங்கள் மயில்கழுத்து நிறத்தில் இரண்டரை மீட்டர் எடுத்தீர்களே என்று சொல்லிவிடுவேன். அதனால் மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே அந்தப் போட்டோ, அதைத் திருப்பிக் காட்ட வேண்டாம். நர்மதாவின் அடையாள அட்டைப் போட்டோ என்று தெரியும். எனக்கு அது அவசியம் இல்லை.

அவளுடைய இரண்டு கைகளும் போனதற்கு யார் காரணம் என்பதுதானே உங்கள் கேள்வி. வரிசையாகச் சொல்கிறேன்.

பெயர் வீரராகவன். வயது நாற்பத்தேழு. கடையை மூடிய பிறகு காக்களூரில் இரண்டு கம்பெனிகளில் குப்பை கொட்டிவிட்டு, பதினோரு வருஷமாகக் கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில் மேனேஜர். முதலாளி மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஏசி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி அங்கே நடந்தது எல்லாம் நான் நடத்தியது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் எழுத்து வேலை குறையும்.

ஆறு பவர் பிரஸ். கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புப் பட்டை செய்கிறோம். தகட்டைக் கையால் உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலே இருக்கும் இரும்பு இறங்கி, தகட்டை வளைத்துவிட்டுப் போகும். கை உள்ளே இருக்கும்போது கால் தவறி மிதித்துவிட்டால்? அதற்காக மிஷினின் வாய்க்கு இரண்டு பக்கமும் ஒரு சென்சார் உண்டு. குறுக்கே ஒரு ஒளி ஓடிக்கொண்டிருக்கும். கை அதில் பட்டால் இரும்பு பாதியில் நின்றுவிடும். எங்கள் ஷாப்பில் அதைக் 'கண்' என்போம்.

நாலாம் நம்பரின் கண் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்றால், பார்வை அதிகமாகிவிட்டது. எண்ணெய்ப் புகை பட்டால் நிற்கும். ஈ பறந்தால் நிற்கும். ஷிப்டுக்கு ஆயிரம் பட்டை வர வேண்டிய இடத்தில் அறுநூறு வந்தது. புதுக் கண் என்ன விலை என்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கினேன். அதற்குப் பிறகு அந்த மிஷின் எதற்கும் நிற்கவில்லை. பச்சை விளக்கு மட்டும் எப்போதும்போல எரிந்தது. எலக்ட்ரீசியனை வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்த வாரம்தான் இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். புதுவாயலிலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் வருவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். ஒருத்தி இளமதி. அவளை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. நேற்று அவள் இங்கே வாக்குமூலம் கொடுக்க உள்ளே வந்தபோது உங்கள் ரைட்டர் பேனா மூடியைக் கழற்ற மறந்துவிட்டு எழுதினார். வெளி பெஞ்சிலிருந்து பார்த்தேன். இன்னொருத்தி நர்மதா.

இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒன்று நாலாம் நம்பர். இன்னொன்று, வந்த பட்டைகளை எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்கும் பேக்கிங் மேஜை. நர்மதாவை நாலாம் நம்பரில் போட்டேன். அவளுக்குக் கை வேகம். அதுதான் காரணம். இதுவரை யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனியிலிருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் வருவார். சந்திரமோகன். கறாரான மனிதர். எங்கள் டீயைக்கூடத் தொட மாட்டார், சொந்தமாக ஃபிளாஸ்க் கொண்டு வருவார். கையில் ஒரு மூங்கில் குச்சி. ஒவ்வொரு பிரஸ்ஸும் இறங்கும்போது குச்சியை உள்ளே நீட்டுவார். இரும்பு நின்றால் டிக். நிற்காவிட்டால் அன்றோடு ஆர்டர் நிறுத்தம். ஐந்து வருஷம் அவரை வளைக்கப் பார்த்திருக்கிறேன். தீபாவளி ஸ்வீட் பெட்டியைத் திருப்பி அனுப்பிய ஒரே ஆள்.

கண் போன பிறகு அவர் முதல்முறை வந்த அன்று நர்மதா லீவு. அவளுக்குப் பதிலாக இளமதி நாலாம் நம்பரில் நின்றிருந்தாள். நான் திட்டமிடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று குச்சி வந்துகொண்டிருந்தது. நாலாவதில் அவர் குச்சியைத் தூக்கினார். இளமதி நிமிர்ந்தாள்.

"உன் பேர் என்னம்மா?"

"இளமதி சார்."

"கை உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவே?"

அவள் சிரித்தாள். "கண்ணு பாத்துக்கும் சார்."

அவரும் சிரித்தார். ஐந்து வருஷத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்றுதான். குச்சி தானாகக் கீழே இறங்கியது. பேனா எழுந்து டிக் போட்டது. ஐந்தாம் நம்பருக்குப் போய்விட்டார்.

அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். அவர் வழிந்துகொண்டு நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். பிற்பாடு ஒரு டாக்டர் பேசிய வீடியோவைப் போனில் பார்த்தேன். பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால், கையில் பணம் வந்தால், மூளையில் எந்த இடம் குளிர்கிறதோ, அழகான முகத்தைப் பார்த்தாலும் அதே இடம் குளிர்கிறதாம். ஆண் பெண் வித்தியாசம் இல்லையாம். கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் முடிந்துவிடுகிறதாம். வேறு வேலையில் மும்முரமாக இருந்தாலும் நடக்கிறதாம். கைக்குழந்தைகூட அந்த முகத்தைத்தான் கூடுதல் நேரம் பார்க்கிறதாம். முகம் அழகு என்று ஆகிவிட்டால், நல்லவள், பொய் சொல்ல மாட்டாள், வேலை தெரிந்தவள் என்று மற்றதையெல்லாம் மூளையே கொசுறு போட்டுக் கொடுத்துவிடுகிறதாம். மெர்சியின் எட்டு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: செய்தது மூளை. அதை மட்டும் தனியாக உள்ளே வைக்க வழி இல்லை என்பதால் நானும் கூட வருகிறேன்.

அதற்குப் பிறகு திட்டமிட்டேன். ஆடிட்டர் கார் கேட்டுக்கு வந்ததும் செக்யூரிட்டி முனுசாமி எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் ஷாப்புக்குள் வந்து, "மாத்து" என்பேன். நர்மதா எழுந்து பேக்கிங் மேஜைக்குப் போவாள். இளமதி வந்து நாலாம் நம்பரில் நிற்பாள். ஆடிட்டர் போனதும் மறுபடி "மாத்து". அரை மணி நேர வேலை. மூன்று முறை சுத்தமாக நடந்தது.

அந்தப் பெண்களுக்கு முதலில் காரணம் தெரியாது. அவர்கள் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். நான் "மாத்து" என்றதும் இளமதி, "இன்னாடி, இன்னிக்கு எனக்குப் பொண்ணு பாக்க வராங்களா?" என்பாள்.

"போய் நில்லு. பஜ்ஜி, சொஜ்ஜி நான் போட்டு வெக்கிறேன்" என்பாள் நர்மதா.

"நீயும் வந்து பக்கத்துல நில்லேன்."

"நான் நின்னா, ஊட்டுக்குப் போயி தகவல் சொல்றோம்னு பூடுவாங்க. எனக்கு அதான வழக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வாய் அந்தப் பெண்ணுக்கு. குரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவள் என்னிடம் வந்து மூன்று முறை சொன்னாள். இளமதி நேற்று இரண்டு முறை என்று சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், மூன்று.

முதல்முறை, வேலை முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்தாள். "சார், நாலாம் நம்பருக்குக் கண்ணு தெரில."

"கண்ணாடி வாங்கிப் போட்டுடலாமா?" என்றேன். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு இது ரத்தத்தில் வந்தது மேடம். கடையில் யாராவது சாயம் போகுமா என்று கேட்டால், துணி நம்முடையது, சாயம் அதன் இஷ்டம் என்பேன். சிரிக்கிற ஆள் மேற்கொண்டு கேட்க மாட்டார். அவளும் கேட்கவில்லை.

இரண்டாம்முறை ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "என்னைப் பேக்கிங்ல போடுங்க சார். ஊட்ல அம்மா மட்டும்தான். நான்தான் பாத்துகினு கீறேன். எனக்கு ஒண்ணு ஆச்சின்னா அது நடுத்தெருவுல நிக்கும்."

"பேக்கிங்ல இடம் இல்லம்மா" என்றேன். அப்போது அவள் தோளுக்குப் பின்னால் பேக்கிங் மேஜை தெரிந்தது. இளமதி வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. நர்மதா திரும்பி அந்த ஸ்டூலைப் பார்த்தாள். நான் ஸ்டூலைப் பார்க்கவில்லை.

மூன்றாம்முறை பேசவில்லை. விளக்குமாற்றின் மூங்கில் பிடியை நாலாம் நம்பருக்குள் நீட்டிப் பெடலை மிதித்திருக்கிறாள். கண் நிறுத்தவில்லை. இரண்டு துண்டாகப் போய்விட்டது. இரண்டையும் கொண்டுவந்து என் மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"கம்பெனி சாமானை உடச்சிட்டு வந்து காட்டுறியா? சம்பளத்துல புடிச்சிடுவேன்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டு ரொம்பச் சுத்தமாக இருந்தது.

இந்த ஏப்ரல் மாதம், கண் போன பிறகு ஐந்தாவது தடவையாகச் சந்திரமோகன் வந்தார். காலை பத்தரை. "மாத்து" என்றேன். இளமதி நின்றாள், சிரித்தாள், டிக் விழுந்தது. அவர் ஆபீஸ் அறைக்குப் போய் ஃபாரம் எழுத உட்கார்ந்தார். வழக்கமாக அவருடைய கார் வெளியே போன பிறகுதான் திரும்ப மாற்றுவேன். அன்று வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. நூற்றெழுபது பட்டை குறைந்தது. இளமதியே நின்று அடித்திருக்கலாம், அவள் அங்கேதான் இருந்தாள். நான் "மாத்து" என்றேன்.

"சார் இன்னும் உள்ளதானே கீறார்?" என்றாள் நர்மதா.

"வண்டி நிக்குதும்மா. உக்காரு, சீக்கிரம்."

இருபதாவது நிமிஷம் ஒரு தகடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. நேராக்க இரண்டு கையையும் உள்ளே விட்டிருக்கிறாள். அவசரத்தில் கால் பெடல்மேலேயே இருந்திருக்கிறது. அவள் கத்தவில்லை. பேக்கிங் மேஜையிலிருந்து இளமதிதான் கத்தினாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

சந்திரமோகன் ஃபாரத்தைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். நாலாம் நம்பரைப் பார்த்தார், கீழே பார்த்தார். "இதை நான் செக் பண்ணேனே" என்றார். என் பக்கம் திரும்பி, "பண்ணேனா, வீரராகவன்?" என்று கேட்டார்.

"செக் பண்ணீங்க சார். டிக் போட்டிருக்கீங்க, பாருங்க."

தன் டிக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஃபிளாஸ்க்கை எங்கள் ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார், கேட்டு வரவில்லை. அவரை நீங்கள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். மிஷினுக்கு மட்டும் இல்லை, அவர் கண்ணுக்கும் ஒயரை முறுக்கி வைத்தவன் நான்தான்.

நான்காம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். ஒரு கிலோ சாத்துக்குடி, ஒரு பேப்பர், ஒரு ஸ்டாம்ப் பேட். பேப்பரில், கூடுதல் இன்சென்டிவுக்காக நானே ஒயரை முறுக்கினேன் என்று நர்மதா சொல்வதாக டைப் அடித்திருந்தேன். கையெழுத்து இல்லாவிட்டால் கைரேகை. அதுவரை எனக்கு அதில் ஒரு தப்பும் உறைக்கவில்லை.

பெண்கள் வார்டு. இரண்டு கையிலும் கட்டுப்போட்ட ஒரு பெண் சுவரோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தேன். வருத்தம் தெரிவித்தேன். முதலாளியும் வருத்தப்படுவதாகச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு ஒரு மச்சம். கட்டுகளைப் பார்க்க முடியாமல் அந்த மச்சத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். பத்து நிமிஷம் பேசியிருப்பேன். "கம்பெனி உன்னைக் கைவிடாதும்மா" என்றேன். அந்த வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல். "சார். நான் இங்க கீறேன்."

மச்சம் வைத்த பெண் ஏதோ பிஸ்கட் கம்பெனியில் கொதிக்கிற எண்ணெய் கொட்டி வந்தவளாம். இரண்டு வருஷம் தினமும் எனக்கு "குட்மார்னிங் சார்" சொன்ன பெண் அடுத்த கட்டிலில் இருந்து நான் பேசியதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நடுவில் நிறுத்தவில்லை. நான் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

ஸ்டூலைத் திருப்பிப் போட்டேன். மார்மேல் இரண்டு கட்டுகள் கிடந்தன, ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தலையணை அளவுக்கு. கட்டுகளைப் பார்த்தேன், போர்வையைப் பார்த்தேன், பேப்பரை நீட்டி ஸ்டாம்ப் பேடைத் திறந்தேன்.

"எந்த வெரல வெக்கணும் சார்?" என்றாள்.

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. சந்தேகம் கேட்கிற குரல். ஸ்டாம்ப் பேடை மூடிக்கொண்டு எழுந்தேன்.

அவள் அம்மா பூவம்மாள் வராந்தாவில் டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டேன்.

"இன்னா எழுதிகீது சார் இதுல?"

"ஆஸ்பத்திரி செலவெல்லாம் கம்பெனி ஏத்துக்கும்னு எழுதியிருக்கும்மா."

"நல்லா இருப்பே நைனா" என்று சொல்லிக் கட்டைவிரலை வைத்தார். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். சாத்துக்குடியை யார் உரிப்பது என்று நான் யோசிக்காமல் வாங்கிக்கொண்டு போனது வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இப்போது தினமும் சாயங்காலம் இளமதி போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருகிறாளாம். தலை வாரிவிடுவது அம்மாவாம்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கைரேகை வைத்த பேப்பர் செல்லுபடியாகிவிட்டது. கேஸ் எழும்பவில்லை. நாலாம் நம்பரைக் கழுவி, வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்து ஓட்டினேன். கண்? இல்லை மேடம், மாற்றவில்லை. மாற்றியிருந்தால் பழுது ஏற்கெனவே இருந்தது என்று ஆகிவிடும். அப்படித்தான் யோசித்தேன். யோசிக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

ஆகஸ்டில் புது ஆடிட்டர். மோனிகா என்று ஒரு சின்னப் பெண். முனுசாமியின் மிஸ்டு கால் வந்தது. "மாத்து" என்றேன். இளமதி மறுபேச்சு இல்லாமல் எழுந்து வந்தாள். அன்று தலை நிறையப் பூ வைத்திருந்தாள், பொண்ணு பார்க்க வருகிற மாதிரி. மோனிகா நாலாவதுக்கு வந்தார், நிமிர்ந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. குச்சி அதே மாதிரி தானாகக் கீழே இறங்கியது. அந்த டாக்டர் சொன்னது சரிதான், ஆண் பெண் வித்தியாசம் இல்லை.

"கை உள்ள போயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"கண்ணு பாத்துக்கும்னு சொல்லணும் மேடம்" என்றாள் இளமதி, அதே சிரிப்போடு. "இன்னா பாக்குதுன்னு பாத்துடலாமா?" அவர் கையிலிருந்த குச்சியை வாங்கி உள்ளே நீட்டிப் பெடலை மிதித்தாள்.

இரண்டு துண்டையும் பொறுக்கிவந்து என் கையில் வைத்தாள். சிரிப்பு இன்னும் போகவில்லை. "சார், உங்களுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுடலாமா?" என்றாள். ஷாப்பில் யாரும் சிரிக்கவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. கை வேகம் என்று சொன்னேன். புரொடக்ஷன் ரெஜிஸ்டரை எடுத்து வந்திருக்கிறீர்கள், அதைப் புரட்டினால் எப்படியும் தெரிந்துவிடும். நர்மதா லீவு போட்ட அந்த ஒரு நாள் இளமதி நாலாம் நம்பரில் முழு ஷிப்ட் நின்றாள். அன்று வந்தது ஆயிரத்து நாற்பது. நர்மதா ஒருநாளும் ஆயிரத்தைத் தாண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. இளமதிக்குத்தான் கை வேகம். அன்று மாலையே அது எனக்குத் தெரியும். மறுநாள் காலை நர்மதாவையே அங்கே திரும்ப உட்கார வைத்தேன்.

அவர்கள் சேர்ந்த அன்றைக்கே, ஆபீஸ் ஜன்னல் வழியாக இரண்டு பேரையும் பார்த்து யோசித்தேன். கண் இல்லாத மிஷின், என்றைக்காவது ஒருநாள் யாருக்காவது ஒன்று ஆகும். அது எனக்கு நன்றாகத் தெரியும். இளமதிக்கு ஆனால் என்று நினைத்துப் பார்த்தேன். நினைப்பைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நர்மதாவுக்கு ஆனால் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நினைப்பு நிற்காமல் கடைசிவரை ஓடியது. சரி, இவள் என்று முடிவு செய்தேன். நல்ல துணியை மேலே வைப்பது மாதிரி, நிழலில் வைப்பது மாதிரி, கை பழகின வேலை. இவ்வளவுதான் மேடம், இதற்கு மேல் இல்லை. யாராவது ஒருத்தி என்று இருந்தபோது, எந்த முகம் போனால் எனக்கு வலிக்காது என்று பார்த்து எடுத்தேன்.

கணக்கை ஒப்படைத்துவிடுகிறேன். உங்கள் ரைட்டரிடம் கீழே ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

இளமதி நாலாம் நம்பரில் நின்றது ஒரு முழு ஷிப்ட், ஐந்து அரை மணி நேரம். நர்மதா நின்றது நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஷிப்ட், கடைசி நாள் காலை பத்தரை வரை, திரும்ப மாற்றிய பிறகு இருபது நிமிஷம். அவள் என்னிடம் வந்து சொன்னது மூன்று முறை. நான் கொடுத்தது இரண்டு ஜோக், ஒரு பொய். வாங்கிய கைரேகை ஒன்று, அதுவும் அவளுடையது இல்லை. போனது இரண்டு கை. பற்றுப் பக்கம் அவ்வளவுதான், எதையும் மறைக்கவில்லை.

வரவுப் பக்கத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பத்து நிமிஷம் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அந்த முகம் என்னைவிட்டுப் போகவில்லை. இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு மச்சம். ஆயிரம் பேர் நடுவில் நர்மதா நின்றாலும் நான் காட்டிவிடுவேன்.

போட்டோவைத் திருப்ப வேண்டாம், மேடம்.